ரிசீவரை அலைன் செய்ய லேப்டாப் போதும், ஆனால் முதலில் லேப்டாப்பைச் சோதியுங்கள்

வீட்டில் செய்த அமெச்சூர் ரேடியோ ரிசீவரை அலைன் செய்ய, அதாவது அதன் ஃபில்டர்களையும் டயலையும் சரியான இடத்தில் நிறுத்த, விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு லேப்டாப்பும், ஒலியை அலைவரிசைவாரியாகப் பிரித்துக் காட்டும் இலவச ஸ்பெக்ட்ரம் மென்பொருளும் போதும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் திரையில் நெளிகிற கோடு ரிசீவரின் குணமா, லேப்டாப்பின் குணமா என்று பிரித்தறிவது எப்படி என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அது தெரியாததால் பல வாரங்கள் போயின, தூக்கம் போனது, 300 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை காசும் போனது. கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் சிங்கப்பூரில் கொஞ்சம் பேர்தான், அவர்களில் யாரையும் அப்போது எனக்குத் தெரியாது. ஈயம் வைக்கத் தெரிந்து, ஆனால் பட்டறை நிறையக் கருவி இல்லாமல் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரிசீவர் 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கானது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைச் சுற்றுகளைப் படித்துப் படித்து, அதில் கேட்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தது. எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற சாதாரண டிரான்சிஸ்டர்களை வைத்தே வேலையை முடித்துவிடலாம் என்பதுதான் அந்தச் சுற்றுகளின் அழகு. 12 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் கிரிஸ்டல் நான்கை வரிசையாகக் கோத்த ஃபில்டர், விஎஃப்ஓவுக்கும் (நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசிலேட்டர்) பிஎஃப்ஓவுக்கும் (கடைசியில் குரலை மீட்டெடுக்கும் ஆசிலேட்டர்) சேர்த்து அலை உருவாக்கும் ஒரே எஸ்ஐ5351 பலகை, அதை ஓட்ட ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, கடைசியில் ஸ்பீக்கரைத் தள்ள எல்எம்386 சிப். அனுப்புகிற பாதிக்கு சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏவின் உரிமம் வேண்டும். தேர்வு எழுதி 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கிய பிறகுதான் அதில் கை வைப்பேன்.

கிரிஸ்டல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு ஃபில்டர் கோணலாகத் தெரிந்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது இவற்றைத்தான். இணையத்தில் 20 கிரிஸ்டல் கொண்ட பொட்டலம் 12 வெள்ளிக்கு வாங்கினேன். எல்லாவற்றின் தலையிலும் 12.000 என்றுதான் அடித்திருக்கும். ஆனால் ஒரு சின்ன ஆசிலேட்டரில் மாட்டி, துடிப்பை எண்ணிக் காட்டும் கவுண்டரில் பார்த்தால் ஒன்றுக்கொன்று பல நூறு ஹெர்ட்ஸ் வித்தியாசம். இரண்டு கிரிஸ்டல்கள் துடிக்கவே இல்லை. இதில் 50 ஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போகிற நான்கைப் பொறுக்க வேண்டும். விரலால் எடுத்து மாட்டினால் உடம்புச் சூடு ஏறி, கவுண்டரின் கடைசி இரண்டு இலக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். இடுக்கியால் எடுத்து மாட்டி, ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இலக்கம் நின்ற பிறகு எழுதிக்கொள்ளுங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அளக்காதீர்கள். ஏர்கானைப் போட்டால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓடவிடுங்கள், நடுவில் அணைத்தால் பாதிக் கிரிஸ்டல்களை மறுபடியும் அளக்க வேண்டியிருக்கும்.

சரி, ரிசீவர் கட்டி முடிந்தது, ஸ்பீக்கரில் உஸ்ஸென்று இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலைத்தான் அளக்க வேண்டும். கருத்து எளியது. ஆண்டெனா பக்கம் எல்லா அலைவரிசையிலும் சமமாக இருக்கிற இரைச்சலை உள்ளே விட்டால், கிரிஸ்டல் ஃபில்டர் தனக்கு வேண்டிய இரண்டரை கிலோஹெர்ட்ஸ் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கடத்தும். வெளியே வருகிற ஆடியோவை ஸ்பெக்ட்ரமாகப் பார்த்தால் அந்த வெட்டின் உருவம் அப்படியே ஒரு மேடு மாதிரித் தெரியும். மேடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, உச்சி சமமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினால் அதுதான் அலைன்மெண்ட். மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. அடாசிட்டியில் ஒரு நிமிடம் பதிவு செய்து அதன் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்தால் சராசரி எடுத்துக் காட்டிவிடும். ஓடும்போதே பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மானிய ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) வொல்ஃப்காங் பூஷர் எழுதிய ஸ்பெக்ட்ரம் லேப் இருக்கிறது. இரண்டும் இலவசம். சாம்பிள் வேகம் 48,000, எஃப்எஃப்டி (ஒலியை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு) அளவு 8192 என்று வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே ஏறக்குறைய 6 ஹெர்ட்ஸ், நம் வேலைக்கு அது தாராளம். கிடைமட்ட அச்சை மட்டும் லீனியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லாக் அச்சில் மேட்டின் வலது விளிம்பு நசுங்கிப்போய் ஒன்றும் புரியாது.

முதல் இரவு கேபிளைச் செருகினேன், கோடு வந்தது. மேடும் தெரிந்தது, ஆனால் இடது பக்கம் சரிந்து, நடுவில் ஒரு கூம்பு, வலது பக்கம் குண்டும் குழியுமாக இருந்தது. பிஎஃப்ஓவை 100 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் மேடும் 100 ஹெர்ட்ஸ் நகர வேண்டும். விளிம்பு நகர்ந்தது, ஆனால் அந்தக் கூம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மனைவி அறைக்குள் வந்து, "ஏங்க, இன்னும் அந்த இரைச்சல்தானா?" என்று கேட்டபோது திரையில் கோடு துள்ளியது. அப்போதுதான் உறைத்தது. லேப்டாப் என் கேபிளைக் கேட்கவே இல்லை. அதன் உள்மைக் ஸ்பீக்கர் சத்தத்தைக் காற்று வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அளந்தது எட்டு வெள்ளி ஸ்பீக்கரின் குணத்தை.

இது ஏன் நடக்கிறதென்றால், இப்போது வருகிற லேப்டாப்களில் ஹெட்செட்டுக்கு ஒரே துளைதான். பெரும்பாலானவற்றில் பிளக்கின் நுனியிலிருந்து எண்ணினால் இடது காது, வலது காது, கிரவுண்ட், கடைசி வளையத்தில் மைக். அந்தக் கடைசி வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு கிலோஓம் இருந்தால்தான் லேப்டாப் அதை மைக் என்று ஒப்புக்கொள்ளும், இல்லையென்றால் சத்தமே போடாமல் உள்மைக்கோடு இருந்துவிடும். அதனால் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை அங்கே போடுங்கள். அதே வளையத்தில் மைக்குக்காக லேப்டாப் ஒன்றிரண்டு வோல்ட் டிசி அனுப்பும், அது ரிசீவருக்குள் போகாமல் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரால் மறித்துவிடுங்கள். மைக் உள்ளீடு மில்லிவோல்ட் கணக்கில் வேலை செய்வது, எனவே 100கே, 1கே ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு ரிசீவரின் ஆடியோவை நூற்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் செருகிய பிறகு லேப்டாப்பின் உடம்பை விரலால் தட்டிப் பாருங்கள். கோடு துள்ளினால் இன்னும் உள்மைக்தான். இந்த ஒரு தட்டு என்னுடைய இரண்டு வார இறுதிகளை மிச்சப்படுத்தியிருக்கும்.

கேபிள் சரியானதும் அடுத்த வேதனை. அதிகம் காசு போனது இதில்தான். இரைச்சலை உள்ளே விட்டதும் மேடு அழகாக எழும். இரண்டு மூன்று விநாடியில் மெல்ல மெல்ல அமுங்கி, தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஆண்டெனாவைக் கழற்றி மாட்டினால் மறுபடி எழும், மறுபடி படுக்கும். ஸ்பீக்கரில் காதுக்கு இரைச்சல் அப்படியேதான் கேட்கிறது, ஆனால் காதை யார் நம்புகிறார்கள், திரையில் எண்ணோடு தெரிகிறதே. ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) ஆம்ப்ளிஃபையர் சூடாகி மடங்குகிறது என்று முடிவு கட்டினேன். டிரான்சிஸ்டர்களை மாற்றினேன். பையாஸ் ரெசிஸ்டர்களை மாற்றினேன். மாற்றி மாற்றிப் பலகையின் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிட்டது, அந்தப் பகுதியைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. பாகங்களுக்கு 40 வெள்ளி வரை ஆனது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்றை 180 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். அதில் பார்த்தால் ஐஎஃப் பாறை மாதிரி நிற்கிறது, ஒரு மில்லிவோல்ட்கூட இறங்கவில்லை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

முடிச்சை அவிழ்த்தது என் மகன். உயர்நிலை இரண்டு படிக்கிறான். ரேடியோவில் அவனுக்குத் துளியும் ஆர்வமில்லை. சாப்பிடும்போது நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அப்பா, ஆன்லைன் கிளாஸ்ல என் ரூம் ஃபேன் சத்தம் டீச்சருக்குக் கேக்காதுல்ல, லேப்டாப்பே அதை வெட்டிரும். உங்க ரேடியோ சத்தமும் ஃபேன் மாதிரிதானே இருக்கு?" என்றான். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனேன். அவன் சொன்னது சரி. லேப்டாப்பின் ஒலி டிரைவரில் இரைச்சல் குறைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஒரே சீராக வருகிற உஸ் சத்தத்தை வேண்டாத சத்தம் என்று முடிவு செய்து இரண்டு மூன்று விநாடியில் அமுக்கிவிடும். மனிதக் குரலுக்காகச் செய்தது, அதன் வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. நமக்கு வேண்டியதோ அந்த உஸ் சத்தம் மட்டும்தான்.

ஆகவே ரிசீவரைத் தொடும் முன் ஒலி அமைப்புகளுக்குள் போய், மைக்குக்கான இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம், தானியங்கி ஒலியளவு, மைக் பூஸ்ட், மேம்பாடுகள் என்ற பெயரில் எது இருந்தாலும் எல்லாவற்றையும் அணையுங்கள். லேப்டாப் வாங்கும்போதே கூட வருகிற ஒலி மென்பொருள் தனியாக இன்னொன்று இருக்கலாம், அதற்குள்ளும் ஒரு பொத்தான் ஒளிந்திருக்கும். அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். அடாசிட்டியிலேயே வெள்ளை இரைச்சல் உருவாக்கும் வசதி இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு உருவாக்கி, டபிள்யூஏவி கோப்பாகச் சேமித்து, கைப்பேசியில் போட்டு, கைப்பேசியின் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, ரிசீவர் இருக்க வேண்டிய இடத்தில் கைப்பேசியை மாட்டி ஓடவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் (எதற்கென்று கீழே சொல்கிறேன்), ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் அந்த வழியில் இருக்கட்டும். வெள்ளை இரைச்சல் என்றால் திரையில் மட்டமான கோடு வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தக் கோணல் உங்கள் கேபிளுடையது, சவுண்ட் கார்டுடையது. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வேறு கார்டுக்கு மாறுங்கள்.

இதே ஓட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடலாம். ஒரு நிமிடம் கை வைக்காமல் கோட்டையே பாருங்கள். தானாக இறங்கினால் இரைச்சல் குறைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்து கைப்பேசியின் ஒலியளவைச் சட்டென்று குறையுங்கள். கோடு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். இறங்கிவிட்டுத் திரும்ப மேலே தவழ்ந்து வந்தால் தானியங்கி ஒலியளவு ஓடுகிறது. நான் ஒரு யூஎஸ்பி சவுண்ட் அடாப்டரை 6 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். அதில் இது சிப்புக்குள்ளேயே இருந்தது, எந்த அமைப்பிலும் அணைக்க முடியவில்லை. போதாததற்கு 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு சரிந்து, 300 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் குறைத்துக் காட்டியது. அதை நம்பி பிஎஃப்ஓவை வைத்திருந்தால் குரலின் அடிப்பகுதி அதிகமாகி, வேண்டாத சைட்பேண்டும், அதாவது கேரியர் எனும் நடு அலைக்கு மறுபக்கம் இருக்கிற துண்டும், சேர்ந்து நுழைந்திருக்கும். பிறகு 18 வெள்ளிக்கு வாங்கிய இன்னொன்றில் லைன் உள்ளீடு தனியாக இருந்தது, 100 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபெல்லுக்குள் மட்டம். லைன் உள்ளீடு என்றால் மைக் வோல்டேஜ், நூறில் ஒரு பங்கு என்ற கதையெல்லாம் கிடையாது. முடிந்தால் இதையே வாங்குங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் என்றேனே, அது எதற்கென்றால், லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது 50, 100, 150 ஹெர்ட்ஸில் கம்பம் நட்டது மாதிரிக் கோடுகள் நிற்கும், சார்ஜரின் குப்பையும் ரிசீவருக்குள் ஏறும். பேட்டரியில் ஓட்டினால் பாதி குறையும். மீதிக்கு 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். பழைய டயல்அப் மோடத்தைப் பிரித்தால் உள்ளே ஒன்று இருக்கும். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்த காலமாக இருந்தால் ஒரு வெள்ளிக்கு ஒரு மோடத்தையே தூக்கி வந்திருக்கலாம், அதைத்தான் 2017 ஜூலையில் மூடிவிட்டார்களே. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஜாலான் புசாரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற சிம் லிம் டவர் இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு சீனக் கடைக்கார அங்கிள் எதற்கு வேண்டும் என்று கேட்டார். சொன்னதும், இதெல்லாம் இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள் என்று சிரித்துவிட்டு, மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கிளறி இரண்டு எடுத்துக் கொடுத்தார். ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார்.

அளக்கும் கருவியை அளந்து முடித்த பிறகுதான் உண்மையில் அலைன்மெண்ட் தொடங்கியது, அது இரண்டு மாலைகளில் முடிந்தும்விட்டது. இரைச்சலுக்கு ஆண்டெனாவை நம்பவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் ஆண்டெனாவில் வருவது சமமான இரைச்சல் இல்லை, பத்து வீட்டு சார்ஜர்களின் கதம்பம். ஒரு டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் முனைகளைத் தலைகீழாக 12 வோல்ட்டில் ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக மாட்டினால் அந்தச் சந்தி உடைந்து இரைச்சல் கக்கும். அதை இரண்டு டிரான்சிஸ்டரால் பெருக்கி ஆண்டெனா முனையில் கொடுத்தேன். செலவு நான்கு வெள்ளிக்குள். ரிசீவரில் ஏஜிசி (பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சுற்று) இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் கூட்டுவதை அது குறைத்துக்கொண்டே இருக்கும். வரும் இரைச்சல் கிரிஸ்டல் ஃபில்டர் வழியாகத்தான் வருகிறது என்று உறுதி செய்ய, விஎஃப்ஓவை ஒரு நொடி நிறுத்துங்கள். மேடு அப்படியே விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் பார்ப்பது ஆடியோ ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல்.

பிஎஃப்ஓ வைக்கிற இடம்தான் ரிசீவரின் குரலைத் தீர்மானிக்கிறது. என் சுற்றில் 7 மெகாஹெர்ட்ஸோடு 5 மெகாஹெர்ட்ஸ் சேர்ந்து 12 ஆகிறது, கூட்டல் என்பதால் சைட்பேண்ட் தலைகீழாவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் பேசுவது கீழ் சைட்பேண்டில், ஆகவே பிஎஃப்ஓ ஃபில்டரின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். இந்த வகை ஏணி ஃபில்டருக்கு மேல் விளிம்புதான் செங்குத்து, கீழ் விளிம்பு சாய்வு. எனவே வேண்டாத சைட்பேண்டை நன்றாக வெட்டும், நமக்கு லாபம். 12 மெகாஹெர்ட்ஸ் என்று அடித்திருந்தாலும் ஃபில்டர் உண்மையில் அதற்குச் சில கிலோஹெர்ட்ஸ் கீழேதான் அமையும், 12.000 என்று எழுதிவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்று பதற வேண்டாம். பிஎஃப்ஓவை 50 ஹெர்ட்ஸ் படிகளாக இறக்கினேன். மேடு இடது பக்கம் நகர்ந்து வந்தது. 800இல் தொடங்கி 3200 வரை நின்றபோது குரல்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தன. மிகவும் இறக்கியபோது மேட்டின் இடது விளிம்பே காணாமல் போய், பூஜ்யத்தில் மோதி மடங்கியது, குரல் போர்வைக்குள் பேசுவது போல் ஆனது, மறுபக்கத்துச் சத்தமும் கலந்தது. இடது விளிம்பு 300 ஹெர்ட்ஸில் உச்சியைவிட 6 டெசிபெல் கீழே இருக்கும்படி நிறுத்தினேன். காதுக்கும் அதுதான் பிடித்தது.

விளிம்புகள் சரியான பிறகும் உச்சியில் ஒட்டகத்துக்கு இரட்டைத் திமில் மாதிரி நடுவே பள்ளம், நான்கைந்து டெசிபெல் ஆழம். சவுண்ட் கார்டு மட்டம் என்று இப்போது தெரியும், ஆகவே பழி ஃபில்டர் மேல்தான். ஆடியோ பகுதி குற்றமற்றதா என்று பார்க்க, வெள்ளை இரைச்சலை வால்யூம் கண்ட்ரோலில் கொடுத்து அதை மட்டும் தனியாக அளந்தேன், அது சுத்தம். ஃபில்டரின் இரு முனையிலும் இருக்கிற ரெசிஸ்டர் மதிப்பு ஃபில்டர் கேட்கிற மதிப்போடு ஒத்துப்போகாவிட்டால் இப்படித்தான் பள்ளம் விழும். இரு முனையிலும் 500 ஓம் டிரிம் பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, ஸ்பெக்ட்ரம் லேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகினேன். ஒரு பக்கம் திருகினால் ஒரு திமில் அமுங்கும், மறுபக்கம் திருகினால் மற்றது. ஒன்றரை டெசிபெல் வரை மட்டமானதும் பாட்டைக் கழற்றி, மல்டிமீட்டரில் அளந்து, அந்த மதிப்புக்கு நெருக்கமான ரெசிஸ்டரை வைத்தேன். சராசரி எடுக்கிற எண்ணிக்கையை அதிகமாக வைத்திருந்தால் திருகிய விளைவு திரையில் தெரியப் பத்து விநாடி ஆகும், பொறுமை போய்விடும். திருகும்போது குறைவாக வைத்து, முடிவாகப் பார்க்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள். கிரிஸ்டல்களின் உலோக உடம்பை ஒரு மெல்லிய கம்பியால் கிரவுண்டோடு இணைத்ததும் மேட்டின் வலப்பக்கத் தரை இன்னும் சில டெசிபெல் இறங்கியது. அந்தக் கம்பிக்கு ஈயம் வைக்கும்போது இரும்பைச் சட்டென்று எடுத்துவிடுங்கள், கிரிஸ்டல் சூடு தாங்காது.

வேண்டிய பேண்டை மட்டும் உள்ளே விடுகிற முன்பக்க பேண்ட்பாஸ் ஃபில்டரில் இரண்டு டிரிம்மர் (திருகி மாற்றும் கெப்பாசிட்டர்). உலோகத் திருப்புளியைக் கிட்டே கொண்டு போனாலே அளவு மாறும், எடுத்தால் வேறு மாதிரி மாறும். பீங்கான் முனைத் திருப்புளி வாங்கலாம் என்று இருந்தேன். அன்று மாலை உணவங்காடியில் சாப்பிட்ட சாத்தே குச்சி கையில் இருந்தது. கழுவி, நுனியைத் தட்டையாகச் சீவினால் கச்சிதமாக டிரிம்மர் பள்ளத்தில் உட்கார்ந்தது. மூங்கில் என்பதால் அளவு அசையவில்லை. 7.0, 7.1, 7.2 மூன்று இடத்திலும் இரைச்சல் மேட்டின் உயரத்தைக் குறித்து, ஒரு டிரிம்மரைக் கொஞ்சம் கீழே, மற்றதைக் கொஞ்சம் மேலே என்று பிரித்து வைத்தால் பேண்ட் முழுக்க ஏறக்குறைய சமமாக வரும். இந்த வேலையில் காது உதவாது. இரைச்சலில் ஒரு டெசிபெல் வித்தியாசத்தைக் காது பிடிக்கும் என்று நம்ப முடியாது, திரை பிடிக்கும்.

டயல் சரியா என்று பார்க்கவும் இதே ஏற்பாடு போதும். நம் பகுதியில் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அமெச்சூர் பேண்ட், அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள், 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில். பெரிய நிலையங்களின் கேரியர் பொதுவாக ஒரு சில ஹெர்ட்ஸுக்குள் துல்லியமாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு 7300 கிலோஹெர்ட்ஸில் பலமான நிலையம் ஒன்று கேட்டது. டயலை 7301இல் வைத்தால் கேரியர் சரியாக 1000 ஹெர்ட்ஸ் விசிலாகத் தெரிய வேண்டும். எனக்கு 1064இல் நின்றது. 64 ஹெர்ட்ஸ் என்றால் 7.3 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9 பங்கு), எஸ்ஐ5351 பலகையின் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அவ்வளவு தள்ளி ஓடுகிறது. ஆர்டுயினோ நிரலில் அந்தத் திருத்தத்தைப் போட்டேன். ஒரு நிலையத்தை மட்டும் நம்பாமல் மூன்று நான்கைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளி இருந்தால் பிழை உங்களுடையது. சவுண்ட் கார்டின் கடிகாரமும் பிசகலாமே என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது 50 பிபிஎம் பிசகினால்கூட 1000 ஹெர்ட்ஸில் 0.05 ஹெர்ட்ஸ்தான், விட்டுவிடலாம். சூடுதான் உண்மையான தொல்லை. வோல்டேஜ் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் பலகையை வைத்திருந்தேன், அரை மணி நேரம் விசில் நகர்ந்துகொண்டே இருந்தது. பெட்டியின் மறுமூலைக்கு மாற்றியதும் அடங்கியது.

அதற்குப் பிறகு ஆண்டெனாவை மாட்டினேன். பத்தாவது மாடியில் ஜன்னலுக்கு வெளியே கம்பி நீட்ட எனக்குத் துணிச்சலில்லை, விழுந்தால் யார் தலையிலோ. அறைக்குள்ளேயே ஜன்னலை ஒட்டி ஒரு வளைய ஆண்டெனா. இந்தோனேசிய நிலையங்கள் பக்கத்து வீட்டில் பேசுவது போல் கேட்கின்றன. ஓர் இரவு பத்து மணிக்கு மேல், ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் ஊரில் மழை பெய்வதைத் தமிழில் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "நல்லா தெளிவா இருக்கே" என்றாள். மூன்று மாதத்தில் அவளிடமிருந்து இந்த ரேடியோவுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

ஒரு பிரச்சினை இன்னும் இருக்கிறது. தினமும் மாலை ஏழு மணி வாக்கில் இரைச்சல் ஏறுகிறது. இங்கே வருடம் முழுக்கச் சூரியன் மறைவது ஏறக்குறைய அந்த நேரம்தான், 7 மெகாஹெர்ட்ஸில் தூரத்து நிலையங்கள் வரத் தொடங்குவதும் அப்போதுதான், எங்கள் புளோக்கின் தாழ்வார விளக்குகள் எரியத் தொடங்குவதும் அப்போதுதான். எது வானம், எது விளக்கு என்று பிரிக்க அடாசிட்டியில் பத்து விநாடி பதிவு செய்து, ஸ்பெக்ட்ரத்தை விட்டுவிட்டு அலையையே பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை இரைச்சல் புடைக்கிறது. விநாடிக்கு 100 முறை, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரண்டு மடங்கு. வானத்து இரைச்சலுக்கு அப்படித் தாளம் கிடையாது. வளைய ஆண்டெனாவைத் தாழ்வாரத்துக்குச் செங்குத்தாகத் திருப்பியதில் 8 டெசிபெல் இறங்கியது. மிச்சம் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே இருக்கிற விளக்கிலிருந்தா, பக்கத்து வீட்டு மீன்தொட்டி விளக்கிலிருந்தா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து வருகிறார். ஐந்து நிமிடம் தொட்டி விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.